கோதண்டராமன் இரண்டு முறை விழுந்தார்

என் வீட்டுக்காரர் கோதண்டராமனுக்கு முகம் என்று ஒன்று இருக்கிறதே, அதில் ஒன்றும் தெரியாது. கல்யாண போட்டோவிலும் ஆதார் கார்டிலும் ஒரே முகம்தான். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் லாவண்யா தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போனபோதும் அதே முகத்தோடு, இனிமேல் எனக்கு போன் பண்ணாதே என்றார். அவளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், பண்ணவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு நான்தான் அழுது தொலைத்தேன்.

மாடிக்குக் குடிவந்த நோயல் கண்ணில் அந்த முகம் பட்டது. மங்களூர்க்காரன், ஐ.டி. வேலை, கன்னடம் பேசுகிறவன், தமிழ் இங்கே எங்களிடம் கற்றது. லீவு நாளில் யூடியூபுக்குப் படம் எடுப்பான். துப்பறியும் படங்களைக் கேலி செய்கிற படம் ஒன்றுக்கு இவரைத் துப்பறிவாளராக்கி, கோட்டு மாட்டி, சந்தாபுராவில் பாதி கட்டிய வீட்டில் கயிற்றைப் பிடித்துத் தொங்கச் சொன்னான். கீழே சேறு. கை வழுக்குவதைப் பார்த்துப் பதறி, "பிடி! பிடி!" என்று கத்தினான். இவர் விட்டுவிட்டார்.

ஏன் என்று கேட்டதற்கு விளக்கம் சொன்னார் பாருங்கள். பெரியவர்களை அவன் 'பிடிங்க' என்றுதான் சொல்வானாம். வெறும் 'பிடி' என்றால் அது கன்னடமாகத்தான் இருக்கவேண்டுமாம். கன்னடத்தில் அதற்கு 'விட்டுவிடுங்கள்' என்று அர்த்தம், மரியாதைப் பேச்சு. மரியாதை பார்த்துச் சேற்றில் விழுந்த மனுஷன் உலகத்தில் இவர் ஒருவர்தான். எழுந்து, கண் மட்டும் தெரிகிற முகத்தோடு அடுத்த வசனத்தைச் சொன்னார்: "குற்றவாளி இந்தப் பக்கம் வரல."

படம் வந்ததும் லட்சக்கணக்கில் பார்த்தார்கள். மறுநாள் சாயங்காலம் லாவண்யா இவருக்கே போன் செய்தாள். சிரிக்கிறாள், சிரிக்கிறாள், பேச்சே வரவில்லை. "அப்பா" என்று ஒரு தரம் சொன்னாள். மறுபடி சிரிப்பு. வைத்துவிட்டாள். நீங்களே கூப்பிடுங்களேன் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! ஆறு மாதம் காத்திருந்துவிட்டு, ஒரு நாள் தானே மாடியேறிப் போய், இரண்டாம் பாகம் எடுக்கலாமா என்று நோயலைக் கேட்டார்.

அவனுக்குக் கசக்குமா? அதே கோட்டு, அதே கயிறு, அதே சேறு. ஜனங்களுக்கு அதேதான் வேண்டும், ஆனால் புதுசாகவும் வேண்டும் என்றான். இந்தத் தடவை எப்போது விடவேண்டும் என்று இவருக்குத் தெரியும். ஏழு தரம் விழுந்தார். வீட்டில் இரண்டு படி ஏறினால் முட்டியைத் தேய்க்கிற மனுஷன். ஒவ்வொரு தரமும் கயிற்றை விடுமுன் லேசாகக் கண்ணை மூடினார். அவ்வளவுதான், யாருக்கும் சிரிப்பு வரவில்லை. போதும் நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். நோயலைப் பார்த்து இன்னும் ஒன்று என்று விரலைக் காட்டினார். என்னால் என்ன செய்ய முடியும்?

படம் வந்தது. முதல் பாகம் மாதிரி இல்லை என்று படத்துக்குக் கீழே கமெண்டில் நாலு பேர் எழுதினார்கள். இவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் லாவண்யா கூப்பிட்டாள். அவள் சிரிப்பதை நானும் கேட்கட்டும் என்று அவசரமாக ஸ்பீக்கரில் போட்டார். அவள் சிரிக்கவில்லை.

"ஏம்ப்பா வேணும்னே விழுந்த?" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

இவர் என்னைப் பார்த்தார். அதே முகத்தோடு போனைப் பார்த்துச் சொன்னார்:

"விழுந்தாதானேம்மா நீ கூப்பிடுற."