பேத்தி எடுத்த எஸ்

ஒஸ்லோவில், புருசெத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். பொறியியல் படிக்க ஆசைப்படும் பேத்தி ஒரு நாள், "அப்பப்பா, நான் கணிதத்திலை எஸ் எடுக்கிறன்" என்றாள். யாழ்ப்பாணத்தில் எங்கள் உயர்தரப் பரீட்சையில் எஸ் என்றால் கடைசிச் சித்தி, அதாவது தட்டுத்தடுமாறித் தேறியவருக்குக் கிடைக்கும் தரம்.

"ஏ, பி, சி மூண்டும் இருக்க, எஸ்ஸோ பிள்ளை?" என்று பதறினேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அது புள்ளியில்லை, பாடத்தின்ரை பேர்! கஷ்டமானது ஆர், லேசானது எஸ். இஞ்சை பாருங்கோ." கைபேசியில் பாடசாலைப் பக்கத்தைக் காட்ட வந்தவள், அதை வாசித்துவிட்டுக் கத்தினாள்: "ஐயோ, பொறியியலுக்கு ஆர்தான் வேணுமாம்!"

தெரிவை மாற்ற அன்றுதான் கடைசி நாள். உடனே மாற்றினாள்.

இப்போதெல்லாம் அவள் எந்த எழுத்தைச் சொன்னாலும், முதலில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்கிறேன். பதறுவது அதற்குப் பிறகுதான்.