அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்த வார்த்தைகள்

அப்பாவுக்குப் பேச்சு நின்றுபோய்விட்டது என்று ஊருக்கெல்லாம் எழுதித் தெரிவித்தவள் நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு மாதம் ஒரு கட்டுரை எழுதுகிறேன். அந்த மாதம் எழுத வேறொன்றும் அகப்படவில்லை. பக்கவாதம் வந்த பிறகு அப்பா தேர்ந்தெடுத்துக்கொண்ட மௌனம் என்று ஆரம்பித்து, பக்கம் பக்கமாக உருகித் தள்ளிவிட்டேன். நன்றாகவே வந்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் அழுததாக எழுதினார்கள்.

என் தங்கை அழவில்லை. போனில் கூப்பிட்டாள்.

"என்னக்கா, யார் வீட்டு அப்பாவைப் பத்தி எழுதியிருக்கே?"

"நம்ம அப்பாதான். ஏன்?"

"அவர் எப்ப சும்மா இருந்தார்? காலையில கண்ணு முழிச்சதுலேருந்து பேசிட்டேதான் இருக்கார். உங்கிட்டதான் பேச மாட்டேங்கறார்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் எப்போதுமே கைக்கெட்டின தூரத்தில்தான் இருக்கும். கட்டுரைன்னா என்னன்னு உனக்கு என்ன தெரியும், அப்படி இப்படி என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு கட்டுரையை எடுத்து மறுபடியும் படித்துப் பார்த்தேன். ஏனென்றால் அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

அப்பா பாலக்கரையில் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தவர். ஒரு பல்பு வாங்க வந்தவரிடம் வீட்டு வயரிங்கில் ஆரம்பித்து மருமகள் எப்படி என்பது வரை விசாரித்துவிட்டுத்தான் அனுப்புவார். அம்மா இறந்த பிறகும் கடையும் பேச்சும் அவரை நிமிர்த்தி வைத்திருந்தன. பிறகு ஒரு நாள் காலையில் வலது கை இழுத்துக்கொண்டது. உயிர் பிழைத்தார், நடையும் ஓரளவு திரும்பியது. வார்த்தைகள்தான் போய்விட்டன. மனசில் இருக்கும், வாய்க்கு வராது. தங்கையும் அவரும் மட்டும்தான் வீட்டில். அவள் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறாள். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவாள். பகலில் பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துக்கொள்கிறார்.

என் பிழைப்பு, மொழி சொல்லிக் கொடுப்பது. பிழைக்க வழி தேடி அந்த நாட்டில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஜெர்மன் கற்றுத் தருகிறேன். எங்கள் தொழிலில் முதல் பாடம் ஆசிரியருக்குத்தான்: மாணவர் வார்த்தைக்குத் திணறும்போது எடுத்துக் கொடுக்கக் கூடாது. வாயைக் கட்டிக்கொண்டு, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, காத்திருக்க வேண்டும். தானாகத் தேடி எடுத்த வார்த்தைதான் தங்கும். நான் இதில் கில்லாடி. கூட வேலை பார்க்கிறவர்கள் என் வகுப்பில் வந்து உட்கார்ந்து, நான் எப்படிக் காத்திருக்கிறேன் என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

அப்பாவிடமும் அதையே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அப்பாவும் தங்கையும் வீட்டுக்கு வந்ததும் வீடியோவில் கூப்பிடுவேன்.

"அப்பா, இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"அது... வெள்ளையா... அந்த..."

இட்லி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சிரித்துக்கொண்டே காத்திருப்பேன். "சொல்லுங்கப்பா. வரும், வரும். அவசரமே இல்லை." அவர் நெற்றி வேர்க்கும். உதடு கோணும். இடது கையால் தொடையில் குத்திக்கொள்வார். தங்கை பின்னாலிருந்து "இட்லிப்பா" என்றால் அவளை அதட்டுவேன். "நீ எடுத்துக் கொடுக்காதேடி. அவரா சொல்லட்டும். அப்பதான் மூளை வேலை செய்யும்."

"நீ வேணா அங்கேருந்து காத்திரு. இங்க அவருக்கு பாத்ரூம் போகணும்," என்பாள் அவள்.

கொஞ்ச நாளில் அப்பா நான் கூப்பிட்டாலே கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தார். அதைத்தான் நான் மௌனம் என்று எழுதினேன். படுபாவி.

லீவு கிடைத்ததும் ஊருக்கு வந்தேன். வந்த அன்றைக்கே தங்கை சொன்னது நிஜம் என்று தெரிந்துவிட்டது. அவள் ஆபீஸிலிருந்து வந்து பையைக் கீழே வைப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"மேல... அது... ஊத்தி..."

"டாங்க் நிரம்பிடிச்சா? மோட்டாரை நிறுத்த மறந்துட்டாங்களா?"

"ஆமா! அவன்... அந்த..."

"கீழ் வீட்டுக்காரர் கத்தினாரா?"

"கத்தி! கத்தி!" அப்பா குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பாதி வார்த்தை அவர் போட்டார், மீதியை இவள் போட்டாள். தப்பாகப் போட்டால் தலையை ஆட்டுவார், அடுத்ததைப் போடுவாள். இரண்டு பேரும் ஊர் வம்பு முழுக்கப் பேசி முடித்தார்கள். பகல் பூரா என்னோடு இருந்தவர், என்னிடம் தண்ணீர் என்றுகூடக் கேட்டிருக்கவில்லை.

இருட்டினதும் ஜெபமாலைக்கு உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் அது தப்பாது. ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிப்பார்கள். அப்பாதான் தொடங்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இட்லி என்று சொல்ல வராத வாயிலிருந்து மந்திரம் மட்டும் ஒரு சொல் சிந்தாமல், கணீரென்று வந்தது. மனப்பாடமாக ஊறிப்போனது வேறு எங்கேயோ தங்கியிருக்கும், அது போகாது என்று டாக்டர் சொன்னாராம். என் முறை வந்தது. நான் சொல்லிப் பல வருஷம் ஆயிற்று. நடுவில் எனக்குத் தடுக்கிவிட்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை, அப்பா அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போட்டுவிட்டு, நான் பிடித்துக்கொண்டதும் நிறுத்திக்கொண்டார்.

நான் அவரை அத்தனை ஞாயிற்றுக்கிழமை வேர்க்க வைத்திருக்கிறேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து நானும் எடுத்துக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். மொழி தெரிந்தவள், அதையே தொழிலாக வைத்திருப்பவள், எனக்கு என்ன கஷ்டம்? தங்கை பஸ்ஸுக்குப் போனதும் அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அந்த... காலையில... வரும்ல..."

"பேப்பரா?" இல்லை. "பால்காரரா?" இல்லை. "காபியா? மாத்திரையா? ஃபேனா?" அடுக்கிக்கொண்டே போனேன். அவர் பாவம், ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டி ஓய்ந்துபோனார். சாயங்காலம் தங்கை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். ஜன்னலுக்கு வரும் ஒரு பூனை. அதற்கு அவர் தினமும் பிஸ்கட் போடுகிறாராம். அந்த வீட்டில் ஒரு பூனை வந்து போவது எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த அப்பா கடையில் நிற்கிற அப்பா. அவருக்கு வேண்டிய வார்த்தையெல்லாம் நான் இல்லாத வருஷங்களில் இருந்தது.

ஒரே ஒரு நாள் சரியாகப் போட்டேன். கன்னத்தைத் தடவிக்கொண்டு "இது... இது..." என்றார். "ஷேவிங்கா?" என்றேன். அப்பா இடது கையால் தொடையில் தட்டிச் சிரித்தார். பரீட்சையில் தேறினவள் மாதிரி நான் சத்தம் போட்டதில் பக்கத்து வீட்டு அம்மா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். அப்பாவுக்கு நானே சவரம் செய்துவிட்டேன். அந்த லீவில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஸ்ரீரங்கத்தில் சில வாசகர்கள் அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடி. போனேன். அது அத்தனையும் தப்பு, எங்கப்பா வாயாடி என்று சொல்லத்தான் போனேன், சத்தியமாக. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்ததும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். மனிதர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, சால்வையோடு திரும்பி வந்தேன்.

கிளம்புவதற்கு நாலைந்து நாள் இருக்கும்போது அப்பா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தார். தங்கை இல்லாத நேரம் பார்த்து, என்னிடம் மட்டும். "அங்க... அவ... நீ..."

"அவ ஆபீஸ் போயிருக்காப்பா. வந்துருவா."

இல்லை என்று தலையை ஆட்டுவார். நானும் விட்டுவிடுவேன். பெட்டி கட்டுகிற மும்முரத்தில் தங்கையிடம் கேட்கவும் தோன்றவில்லை.

கிளம்புகிற அன்று மத்தியானம், தங்கை ஆட்டோவைப் பார்க்கக் கீழே போயிருந்தாள். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அங்க... அவ... நீ... போயி..."

"நான் பத்திரமாப் போகணுமா?" இல்லை. "போய் போன் பண்ணணுமா?" இல்லை. கீழே ஹாரன் அடித்தது. "நான் போகக் கூடாதாப்பா?" இல்லை. "சீக்கிரம் திரும்பி வரணுமா?"

அப்பா என் முகத்தையே பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டு, "ஆமா," என்றார். "ஆமா, ஆமா." சிரித்தார். நான் குனிந்து அவர் நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு, கண்ணீரும் கம்பலையுமாகப் படி இறங்கினேன். எவ்வளவு சந்தோஷம் எனக்கு!

ஏர்போர்ட் போகிற வழியில் மன்னார்புரம் சிக்னலில் ஆட்டோ நின்றபோது தங்கையிடம் சொன்னேன். "கடைசியில கண்டுபிடிச்சுட்டேன்டி. என்னைச் சீக்கிரம் வரச் சொல்றார்."

"அப்படியா? எப்படிச் சொன்னார்?"

"அங்க, அவ, நீ, போயின்னு. சீக்கிரம் வரணுமான்னு கேட்டேன், ஆமான்னுட்டார்."

அவள் முகம் மாறிவிட்டது. "அம்மா கல்லறைக்குப் போனியான்னு கேட்டிருக்கார்க்கா. நீ வந்த புதுசுல என்கிட்டயும் கேட்டார். போயிருப்பாப்பான்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வந்த மறுநாளே மெழுகுவத்தி வாங்கிட்டுப் போவியே... போகலையா?"

போகவில்லை. மறந்துவிட்டேன். ஸ்ரீரங்கத்துக்கு ஆற்றைத் தாண்டிப் போய் மாலை மரியாதை வாங்கிக்கொள்ள நேரம் இருந்தது, அம்மாவை எனக்கு ஞாபகமே வரவில்லை. அது அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தங்கை முன்னால் கேட்டு என்னைக் காட்டிக் கொடுக்காமல், தனியாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார்.

"வண்டியைத் திருப்பச் சொல்லவா?" என்றாள் தங்கை. "கல்லறையில ஒரு நிமிஷம் நின்னுட்டு ஓடிறலாம்."

நான் மணியைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"சரி, விடு," என்றாள். "அவர்தான் ஆமான்னு சொல்லிட்டார்ல."

சொன்னார்தான். அப்படி ஆமா போடுவது எனக்கும் நன்றாகத் தெரியும். வகுப்பு முடிகிற நேரத்தில், எவ்வளவு முயன்றும் தப்பாகவே சொல்லிக்கொண்டிருக்கிற மாணவருக்கு நானும் சிரித்து, ஆமாம், சரிதான், நீங்கள் போகலாம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இவருக்கு இனி வராது என்று தெரிந்த பிறகுதான் அப்படிச் சொல்வேன்.