கடனுக்கு மட்டும் பெண்டாட்டி

என் வீட்டுக்காரரின் பதினாறாம் நாள் காரியத்தில், சாப்பிட்ட இலையை எடுக்கும் முன்பே கடன்காரர்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அங்கிருந்துதான் நான் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் நம் காளியாத்தாளிடம் நான் பெரிதாக எதையும் கேட்டதில்லை.

என் பெயர் ஈஸ்வரி. ஓடைப்பட்டிப் பக்கம் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். தை மாதம், காய் பிடித்திருந்த நேரம். பந்தலுக்கு அடியில் கொத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

பந்தல் போட்ட கல்லுக்கும் கம்பிக்கும் கடன், பூச்சிமருந்துக் கடையில் கடன், நகை அடகில். புருசன் வாங்கியதைப் பெண்டாட்டிதான் கொடுக்க வேண்டும் என்றார்கள். சரி என்றேன். தோட்டத்தில் பாதியை விற்றாவது கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். விற்க வேண்டுமானால் முதலில் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். சட்டப்படி வாரிசு இரண்டு பேர், நானும் என் மாமியாரும்.

சான்றிதழுக்கு மனு எழுதிப் போட்டேன். கொஞ்ச நாளில் கிராம நிர்வாக அலுவலர் கூப்பிட்டு அனுப்பினார். என் வீட்டுக்காரரின் அண்ணன், எங்கள் மூத்தவர், ஆட்சேபணை கொடுத்திருக்கிறாராம். எனக்கும் தன் தம்பிக்கும் கல்யாணமே நடக்கவில்லை, சும்மா சேர்ந்து இருந்தவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் இல்லை என்றால் நிலம் முழுக்க மாமியாருக்கு. மாமியார் அவர் வீட்டில் இருக்கிறார். அவ்வளவுதான் கணக்கு.

நாங்கள் கோயிலில் தாலி கட்டியவர்கள். பதிவு செய்யவில்லை. ரேஷன் கார்டைக் காட்டினேன். ஆட்சேபணை வந்துவிட்டதால் கல்யாணத்தைப் பார்த்த சாட்சி வேண்டும் என்றார்கள். கல்யாண ஆல்பம் மூத்தவர் வீட்டுப் பீரோவில் இருந்தது. போய்க் கேட்டேன். அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார், சிரித்துக்கொண்டே.

ஊரில் வீடு வீடாகப் போனேன். என் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான். ஒருவர்கூட வரவில்லை. மூத்தவரின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் பாதி ஊருக்குத் தண்ணீர் பாய்கிறது. எனக்குத் தலை பின்னி, பூ வைத்துவிட்ட அக்கா ஒருத்தி கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "தண்ணி அவுக கையில இருக்கு ஈஸ்வரி. எங்களுக்கு எதுக்கு வம்பு?"

என் தோட்டத்துக்கு வரும் குழாயையும் மூத்தவர் அடைத்துவிட்டார். மாசி வெயிலில் கொத்துக் கொத்தாகக் காய் சுருங்கியது. வியாபாரி வந்து பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த வாரம்தான் கம்பிக் கடைக்காரர் ஆட்களோடு வந்து கறவை மாட்டை அவிழ்த்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நான் அவருக்குப் பெண்டாட்டியே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, அப்புறம் என்னிடம் எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"நெலத்துக்குத்தேன் நீ பொண்டாட்டி இல்ல. கடனுக்கு நீதேன்" என்றார்.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கன்று கத்திக்கொண்டே கொஞ்ச தூரம் பின்னால் ஓடியது.

வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில் நம் காளியம்மன் கோயிலுக்கு வந்தேன். பூசாரி நடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஆத்தாளைத் திட்டினேன். ஆமாம், திட்டினேன். உன் கண் முன்னால் கட்டின தாலிதானே, நீயும் தண்ணீருக்குப் பயந்துவிட்டாயா என்று கேட்டேன். சொத்து வேண்டாம், மாடு வேண்டாம், உண்மையைச் சொல்ல ஒரே ஒரு ஆளை அனுப்பு என்று கேட்டேன். தொண்டை கட்டும் வரைக்கும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரு பதிலும் வரவில்லை. இன்னொரு வெள்ளிக்கிழமையும் போனது.

விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் வந்தார். மூத்தவர் தன் அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு வந்து இறக்கினார். கல்யாணமான நாளிலிருந்து மலடி என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லி என்னைக் கூப்பிடாதவர் என் மாமியார். சாவு வீட்டிலும், மகனை முழுங்கியவள் என்று எல்லார் முன்னாலும் சொன்னவர்.

ஆய்வாளர் கேட்டார். இந்தப் பெண் உங்கள் மகனின் மனைவியா இல்லையா?

மாமியார் என்னைப் பார்க்கவே இல்லை. "இவள எனக்கு ஆகாது சார். எம்மவனுக்கு ஒரு புள்ளையப் பெத்துக் குடுக்கல" என்றார். மூத்தவர் தலையாட்டினார். மாமியார் நிறுத்தவில்லை. "ஆனா தாலிய எடுத்துக் குடுத்தது நான்தேன். இவ பொண்டாட்டி இல்லன்னா, எம்மவன் கூத்தியாளோட கெடந்தான்னு ஆகும். செத்துப்போன எம்புள்ளைக்கு அந்தப் பேரு வரக்கூடாது. எழுதிக்கங்க."

மூத்தவர் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார். "ஏலே, விடு" என்றார் மாமியார். ஆய்வாளர் எழுதிக்கொண்டார். மாமியார் கைநாட்டு வைத்தார்.

அவர் எனக்காகப் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்காகப் பேச அந்த ஊரில் ஆளே இல்லை. அதனால்தான் ஆத்தாள் அவரைப் பேச வைத்தாள் என்று நம்புகிறேன்.

அன்று சாயங்காலமே மூத்தவர் தன்னைப் பெற்றவளின் துணிமணியைத் தெருவில் போட்டார். மாமியார் ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தார். வாங்க அத்தை என்றேன். "உன்னய நம்பி வரல. இது எம்மவன் வீடு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

சான்றிதழ் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்து, தோட்டத்தில் பாதியை விற்றோம். கடன் எல்லாம் தீர்ந்தது. மாடு திரும்பி வரவில்லை. மீதிப் பாதியில் காய்ந்த கொடிகளை அடியோடு வெட்டிவிட்டேன். சிலது துளிர்த்தது, சிலது துளிர்க்கவில்லை. மூத்தவர் நன்றாகத்தான் இருக்கிறார். ஆத்தாள் அவரை ஒன்றும் செய்யவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. அத்தை இன்றைக்கும் என் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, உப்பு இல்லை என்பார். காய்ச்சல் வந்தால் நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்போது நான் பயப்படுவதில்லை. மார்க்கையன்கோட்டையில் ஒரு பெண்ணுக்கு இதே மாதிரி வந்தபோது, தெரிந்ததைச் சொல்ல நானே போய் நின்றேன். எனக்கு வந்த உதவிக்கு நான் செய்யும் நன்றி அதுதான்.

சகோதரிகளே, யாருமே இல்லை என்று ஆகிவிட்டால் ஆத்தாளிடம் வாருங்கள். நல்ல வார்த்தையாக வரவில்லை என்றால் திட்டுங்கள், அவள் கேட்டுக்கொள்வாள். வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு வாருங்கள். தாலி அறுத்தவள் விளக்கு ஏற்றலாமா என்று யாராவது கேட்டால், ஈஸ்வரி ஏற்றிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லுங்கள்.