எந்தக் கரண்ட்?

எங்கள் ஊரில் யாராவது "கரண்ட் போச்சு" என்று சொன்னால், கரண்ட் போய்விட்டது என்று நம்பக் கூடாது. ஐம்பதை நெருங்கும் வயதில்தான் எனக்கு இது தெரிந்தது. என் மகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதனால்தான் அவள் இன்று இருக்கிறாள்.

மொரப்பூரிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத்தில் வருகிற கிராமம் எங்களுடையது. நான் வரலாறு படித்துவிட்டு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவன். ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு, ஒரு போர்வெல் உண்டு. ஒரே மகள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு பழக்கம். நாம் எதையாவது சாதாரணமாகச் சொன்னால், அதை இரண்டாகப் பிரித்துத் திருப்பிக் கேட்பாள்.

"பேன் காத்து இன்னிக்கு ஜில்லுன்னு இருக்குது" என்று ஒருநாள் சொன்னேன்.

"காத்து ஜில்லுன்னு இருக்குதா, நீங்க ஜில்லுன்னு இருக்கீங்களாப்பா?"

கேட்டதோடு விடவில்லை. என் வலது கையை ஈரத்துணியால் துடைத்தாள். இடது கையை அப்படியே விட்டாள். இரண்டையும் பேனுக்குக் கீழே நீட்டச் சொன்னாள். ஒரே காற்று, ஈரக் கை மட்டும் சிலிர்த்தது. ஈரம் ஆவியாகிப் போகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, பேன் அதைச் சீக்கிரம் போக வைக்கிறது, அவ்வளவுதான் என்றாள். அப்போது எட்டாம் வகுப்பு. நான் பட்டம் வாங்கி எத்தனையோ வருடம் ஆகியும் பேன் காற்றைக் குளிர்விக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

சித்தேரி மலையில் என் மனைவியின் அக்கா வீடு இருக்கிறது. அங்கே போயிருந்தபோது சட்டியில் வைத்த பருப்பு வேகவே இல்லை. அக்கா விறகைத் திட்டினாள். என் மனைவி பருப்பைத் திட்டினாள்.

"ரெண்டு மேலயும் குத்தம் இல்லம்மா. மலை மேல தண்ணி சீக்கிரமே கொதிச்சிருது. கொதிக்க ஆரம்பிச்சிட்டா எவ்ளோ எரிச்சாலும் சூடு அதுக்கு மேல ஏறாது."

"கொதிச்சா சூடுதான்டி."

"கொதிக்கறது வேற, சூடு வேறம்மா. மேல காத்தோட அழுத்தம் கம்மி. அழுத்திப் பிடிக்க ஆள் இல்லாததால தண்ணி சுலபமா ஆவியாகிக் கெளம்பிருது. அதனாலதான் குக்கர். நாமளே மூடி போட்டு அழுத்தறோம்."

"அக்கா, சோத்த மட்டும் போடு. இவ சொல்றத ஊத்தித் தின்னுக்கலாம்" என்றாள் என் மனைவி. அன்று உண்மையிலேயே ரசம்தான்.

எனக்கு அவளிடம் மிகவும் பிடித்தது வேறொன்று. தான் சொல்லும் உதாரணம் எங்கே உடையும் என்பதையும் அவளே சொல்லிவிடுவாள். கரண்ட் என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். மாடித் தொட்டியைக் காட்டினாள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுதான் வோல்டேஜ், குழாயில் ஓடுகிற தண்ணீர்தான் கரண்ட் என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது, மகிழ்ச்சியாக இருந்தது. உடனே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இதுவரைக்கும்தான் வரும்ப்பா இந்த உதாரணம். குழாய உடைச்சா தண்ணி கொட்டும். கம்பிய அறுத்தா கரண்ட் கொட்டாது, சும்மா காத்துக்கிட்டு இருக்கும். அங்க தொட்டிய மறந்துறணும்."

காத்துக்கிட்டு இருக்கும் என்ற அந்தச் சொல் அன்று எனக்குப் பிடித்தது. எதற்குக் காத்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

பிளஸ் டூ முடித்ததும் எலெக்ட்ரிக்கல் படிக்கிறேன் என்றாள். நான் மறுத்தேன். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று தினம் ஒருமுறை சொல்லாவிட்டால் எனக்கு அலுவலகத்தில் வேலை ஓடாது. அப்படிப்பட்டவனின் மகள் வாழ்நாள் முழுக்கக் கரண்டோடு நிற்பதா? "கம்ப்யூட்டர் எடு கண்ணு, நாற்காலில உக்காந்து பாக்கற வேல" என்றேன். அவள் வாதாடவில்லை. கவுன்சிலிங்குக்கான விருப்பப் பட்டியலில் கம்ப்யூட்டரை மேலே போட்டு, எலெக்ட்ரிக்கலை எல்லாவற்றுக்கும் கீழே தள்ளினோம். மறுநாள் மாலைக்குள் அதை உறுதி செய்ய வேண்டும்.

அன்று மத்தியானம் மோட்டார் நின்றுவிட்டது. தக்காளி பூத்திருந்த நேரம், செடி தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. நானும் அவளும் மோட்டார் ரூமுக்குப் போனோம். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே கறுப்பாக ஏதோ சிக்கியிருந்தது. கண்ணாடியை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"பல்லிப்பா. காஞ்சு போயி ஒட்டிக்கிட்டுக் கெடக்குது."

பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் நின்று குரல் கொடுத்தார். "கரண்ட் போயிருச்சுங்களா சார்?"

நான் அண்ணாந்து பார்த்தேன். மோட்டார் ரூம் பல்பு எரியவில்லை. "போயிருச்சுங்க" என்றேன்.

"இனி நாலு மணிக்குத்தான் வரும். அதுக்குள்ள சரி பண்ணிருங்க."

அவர் போனார். நான் மகளிடம் திரும்பினேன். "கரண்ட் இல்ல பாப்பா. கைய விட்டு எடுத்துரு."

எலெக்ட்ரிக்கல் படிக்கக் கூடாது என்று சொன்ன அதே வாய்.

அவள் கையை நீட்டவில்லை. "எந்தக் கரண்ட் இல்லப்பா?"

எனக்கு எரிச்சல். "கரண்ட்னா கரண்டுதான். பல்பப் பாரு."

பெட்டி மேலிருந்த டெஸ்டரை எடுத்து முதல் கம்பி முனையில் வைத்தாள். எரியவில்லை.

"பாத்தியா?" என்றேன்.

இரண்டாவதில் வைத்தாள். டெஸ்டருக்குள் சின்னதாக ஆரஞ்சு வெளிச்சம் வந்தது. மூன்றாவதிலும் வந்தது. பல்லி ஒட்டியிருந்தது அந்த மூன்றாவதை ஒட்டித்தான்.

நான் கையை விடச் சொன்ன இடம். அவள் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டு மூன்று முனைகளையும் மறுபடி தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் எரியவில்லை. போதும் என்று நினைத்தேன். அவள் சுவிட்சுக்கு மேலே, வெளியிலிருந்து லைன் உள்ளே வருகிற இடத்தில் டெஸ்டரை வைத்தாள். எரிந்தது.

"அங்க எதுக்கு?"

"டெஸ்டர் இன்னும் உசுரோட இருக்குதான்னு பாக்கணுமில்லப்பா. கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது, செத்த கம்பியிலயும் எரியாது. ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

பிறகு காய்ந்த குச்சி ஒன்றை எடுத்து, அவசரமே இல்லாமல் பல்லியைத் தட்டி எடுத்தாள்.

வரப்பில் நடந்து வரும்போது விளக்கினாள். போர்வெல்லுக்கு வருவது மூன்று கம்பி. மோட்டார் ஓட மூன்றும் வேண்டும். எங்கள் பக்கம் நாளில் சில மணி நேரம்தான் மூன்றும் இருக்கும். மற்ற நேரம் இரண்டு. வீட்டு விளக்குகள் அந்த இரண்டில் எரியும். எங்கள் மோட்டார் ரூம் பல்பு, மின்வாரியம் நிறுத்துகிற அந்த ஒரு கம்பியில் மாட்டியிருக்கிறது. அதனால் மூன்றில் ஒன்று போனதுமே பல்பு அணைகிறது, மோட்டார் நிற்கிறது, நாங்கள் எல்லோரும் கரண்ட் போச்சு என்கிறோம். அதே நேரம் வீட்டில் பேன் சுற்றிக்கொண்டிருக்கும். அதை 'வூட்டு கரண்ட்' என்போம். அது ஏதோ வேறு சாதி கரண்ட் போலவும், மோட்டார் ரூம் பக்கமே வராதது போலவும்.

வரப்பு முடிகிற இடத்தில் அவள் நின்றாள்.

"நீங்க பொய் சொல்லலப்பா. நீங்க சொன்னது மோட்டாருக்குச் சரி. கைக்குத்தான் சரி இல்ல."

இத்தனை வருடம் கோப்புகளில் எழுதியிருக்கிறேன். ஒரு சொல் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று இவ்வளவு சுருக்கமாக நான் எழுதியதில்லை. வீட்டுக்கு வந்து, மனைவியிடம் பல்லியைப் பற்றி மட்டும் சொன்னோம். "அய்ய, கைய சோப்பு போட்டுக் கழுவு" என்றாள் அவள் மகளிடம். குழாயடியில் நின்று கழுவிய அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து விரலும் இருந்தன. எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் மாலை தர்மபுரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்திருந்தோம். சென்டர் வைத்திருந்த அம்மா பட்டியலைத் திறந்து, "உறுதி பண்ணிரலாங்களா சார்?" என்றார்.

"கொஞ்சம் இருங்க. கடைசில இருக்கற எலெக்ட்ரிக்கல மேல கொண்டு வாங்க."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நிசமாவாப்பா? பயமா இல்லீங்களா?"

"பயமாத்தான் இருக்குது."

"எந்த பயம்?"

அவளிடம் தப்ப முடியாது. யோசித்துத்தான் சொன்னேன். "கரண்டப் பத்தின பயம் இல்ல. என் வாயப் பத்தின பயம்."

அவள் சிரிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினாள். எலெக்ட்ரிக்கல் மேலே இருக்கிறதா என்று படித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்து, கண் சரியாகத்தான் தெரிகிறது என்று நிச்சயம் செய்துகொண்டேன்.

"பண்ணுங்கம்மா" என்றேன். அவள் இப்போது விடுதியில் இருக்கிறாள், இரண்டாம் வருடம். மோட்டார் ரூம் கதவைத் திறக்கும்போது அந்தப் பயம் இன்னும் வருகிறது. வரட்டும் என்று விட்டிருக்கிறேன். அது கூடுதலாக வரும் நாட்களில் டெஸ்டரை இரண்டு முறை வைத்துப் பார்க்கிறேன்.