மூன்றாவது பெடல்

அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. எல்லோரையும் விட அவருக்கு. போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு ஜோகூருக்கும் பினாங்குக்குமாக வாழ்நாளெல்லாம் லோரி ஓட்டிய மனிதர். இப்போது சக்கர நாற்காலியில் கேட்டுக்கும் அடுப்படிக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். டிவியைப் போடுவார், உடனே அணைப்பார். எதிர்வீட்டுக்காரர் காரை நிறுத்தியிருக்கும் லட்சணத்தை உள்ளே இருந்தபடியே திட்டுவார். அம்மா பொறுக்க முடியாமல், "ஏங்க இப்படி கால்ல சுடுதண்ணிய..." என்று ஆரம்பித்துப் பாதியில் வாயை மூடிக்கொள்வார். கால் என்ற சொல்லையே வீட்டில் நாங்கள் சொல்வதில்லை. தமிழில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாளை ஓட்டுவது லேசில்லை.

செயற்கைக் கால் எப்போதோ வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அளவெடுத்துச் செய்து, இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கவும் வைத்தார்கள். கொஞ்ச தூரம் நடந்தார், வலிக்கிறது என்றார், வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் வைத்துச் சாத்தச் சொன்னார். அதோடு சரி. தினமும் மாட்டிப் பழகாவிட்டால் மிச்சமிருக்கும் காலின் அளவு மாறிவிடும், அப்புறம் இது சேராது, நடை வருவதும் சந்தேகம் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். நான் கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். நான் ஒன்று கத்தினால் அவர் இரண்டு கத்துவார். அந்தக் குணம் எனக்கு வேறு எங்கிருந்து வந்தது?

நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசைக்காரர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் ஒருவன் ஸ்டேரிங் பிடித்து லோரி ஓட்டுகிற விளையாட்டு. அன்று மாலையே அப்பாவுக்குக் காட்டினேன். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று போனைத் தள்ளிவிட்டார். சற்று நேரத்தில் தானாகவே கேட்டு வாங்கிப் பார்த்தார். மேட்டில் அந்த ஆள் கியரைத் தாமதமாகக் குறைக்கிறான், எஞ்சின் முக்குவது அவன் காதில் விழவில்லையா என்று எரிந்து விழுந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பிறகு லோரியைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றுதான். ஸ்டேரிங் முன்னால் உட்கார்ந்தால் மனம் அடங்கும், மனம் அடங்கினால் அந்தக் காலையும் மாட்டிக்கொள்வார் என்று நான் ஒரு கணக்குப் போட்டேன்.

என்னிடம் இருந்தது தீபாவளி போனஸ் மட்டும். அதற்குள் கம்ப்யூட்டர், திரை, ஸ்டேரிங் எல்லாம் அடங்க வேண்டும். கிள்ளானிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் நின்றபடியே தினமும் போனில் பாகங்களைத் தேர்ந்தெடுத்தேன். காலையில் முடிவு செய்ததை மாலையில் மாற்றினேன். கிராஃபிக்ஸ் கார்டு நல்லதாக வாங்கினால் பவர் சப்ளைக்குப் பணம் போதாது. பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, மட்டமானது வெடித்தால் மற்றதையும் சேர்த்துக் கொண்டுபோகும் என்று எல்லா வீடியோவிலும் பயமுறுத்தினார்கள். பழைய கார்டு ஒன்று விற்பதாக ஒருவர் சொல்ல, செமினி வரை போய்ப் பார்த்தேன். அதன் விசிறி அரிசி ஆலை போலச் சத்தம் போட்டது. வெறுங்கையோடு திரும்பினேன். கோலாலம்பூர் கம்ப்யூட்டர் மாலில் கடைக்காரப் பையன்கள் முதலில் காட்டியதெல்லாம் தைப்பூசத் தேர் மாதிரி மின்னுகிற காசிங் பெட்டிகள். வெளிச்சத்துக்குக் கொடுக்கிற காசில் இன்னொரு ரேம் வாங்கலாமே என்றேன். என்னை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள்.

நான் வீடு திரும்புவதற்குள் அப்பா நாற்காலியை உருட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிடுவார். எஞ்சின் வாங்கியாச்சா என்பதுதான் தினமும் முதல் கேள்வி. ப்ராசசரைத்தான் அப்படிச் சொல்வார். இன்னும் இல்லை என்றால் அவருக்குக் கோபம் வரும். இத்தனை நாள் யோசிக்கிறவள் லோரி வாங்கினால் ரோட் டாக்ஸ் கட்டுவதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும் என்பார். எனக்கும் கோபம் வரும். ஆனாலும் அவர் கேட்டில் காத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் ஒரு பட்டியல் நிலைத்தது. ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு, அதற்கேற்ற ப்ராசசர், இரண்டு பெடல் வைத்த புது ஸ்டேரிங். இரண்டு பெடல் என்றால் ஆட்டோ கியர். ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் வலது கால் போதும், இடது காலால் மிதிக்கிற க்ளட்ச் அதில் இல்லை. அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

அப்பா என் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். க்ளட்ச் எங்கே என்றார். இது க்ளட்ச் இல்லாதது, ஓட்ட சுலபம் என்றேன். க்ளட்ச் இல்லாத லோரியை எவன் ஓட்டுவான், அதற்கு பஸ்ஸில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்காரலாம் என்றார். மூன்று பெடலும் கையால் போடுகிற கியரும் உள்ளதுதான் வேண்டுமாம். அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். எங்கள் இருவர் மனத்திலும் ஓடியது ஒன்றுதான். அதைச் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை.

மூன்று பெடல் உள்ளது புதிதாக வாங்க கட்டுப்படியாகாது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடியில் ஒருவர் பழையதை விற்பதாகத் தெரிந்தது. அப்பாவும் காரில் வந்தார். விற்பவர் பெட்டியைக் கீழே கொண்டுவந்து காரின் முன்கதவருகே வைத்தார். அப்பா குனிந்து க்ளட்ச் பெடலைக் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஸ்பிரிங் நல்ல கனம் என்று விற்பவரிடம் சொன்னார். "அங்கிள், இதுல ஓட்டிட்டா வேற எதுலயும் ஓட்ட மனசு வராது லா" என்று அந்த ஆள் பெருமையடித்துக்கொண்டார். அவர் கண்கள் ஒரு முறை அப்பாவின் மடித்துவிட்ட பேண்ட்டில் விழுந்து மீண்டன. பணத்தைக் கொடுத்துவிட்டுக் காரைக் கிளப்பினேன்.

அந்தப் பணத்தோடு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் ஆசையும் போயிற்று. கார்டு இல்லாமலேயே படம் காட்டக்கூடிய ப்ராசசராகப் பார்த்து வாங்கினேன். அதற்கு ரேம் ஒற்றையாக இருந்தால் ஆகாது, ஜோடியாகப் போட வேண்டும் என்பதால் அதிலும் மிச்சம் பிடிக்க முடியவில்லை. திரை சின்னதாயிற்று. காசிங் இருப்பதிலேயே மலிவான தகரம். அமுக்க முடியாத ஒரு பெடலுக்காக இத்தனையையும் விட்டுக்கொடுத்தோமே என்று ஒவ்வொரு பாகத்தை வாங்கும்போதும் எனக்குள் கொதித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி நானே பூட்டினேன். அப்பா பக்கத்திலேயே இருந்து நாற்காலியை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார். அம்மா புது வண்டிக்குச் செய்வது போல எலுமிச்சம்பழம் வைக்க டயரைத் தேடி, கடைசியில் காசிங் முன்னால் வைத்துச் சூடம் காட்டினார். முதலில் திரை இருண்டே கிடந்தது. எனக்கு அழுகை முட்டியது. ரேமை இன்னும் அழுத்திச் செருகியதும் உயிர் வந்தது.

அப்பா சாப்பாட்டு நாற்காலிக்கு மாறி ஸ்டேரிங்கைப் பிடித்தார். படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் லோரி லோரியாகத்தான் இருந்தது. பொத்தானை அழுத்தி எஞ்சினைக் கிளப்பினார், வலது காலை க்ளட்சுக்குக் கொண்டுபோய்க் கியரைப் போட்டார், காலை ஆக்சிலேட்டருக்கு மாற்றுவதற்குள் எஞ்சின் நின்றது. மறுபடி. மறுபடி. ஆட்டோவுக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். திரும்பவும் நின்றது. ஸ்டேரிங்கை ஓங்கித் தட்டினார். எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்தது என் வாயை மீறி வந்துவிட்டது.

"மூணு பெடல் வேணும்னு அடம் புடிச்சீங்களே, எந்தக் காலால அமுக்கப் போறீங்க?"

அடுப்படியில் அம்மா குழாயை மூடினார். அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

"பொறவு எதுக்கும்மா மூணு வாங்கச் சொன்னேன்? ரெண்டு பெடலா இருந்தா அந்தக் கால நான் தொடவே மாட்டேன். எனக்குத் தெரியாதா என்னப் பத்தி? போ, எடுத்துட்டு வா."

அலமாரியிலிருந்து எடுத்து வந்தேன். மிச்சமிருந்த காலில் ரப்பர் உறையை உருட்டி ஏற்றும்போது பல்லைக் கடித்தார். காலை மாட்டியதும் நெற்றியெல்லாம் வியர்வை. நாள் கடந்துவிட்டதால் இறுக்கமாக இருந்தது. ஆனால் சேர்ந்தது. அவர் காலைத் தூக்கி முன்னால் வைத்தார். பெடல் எங்கே என்று அந்தப் பாதத்துக்கு எப்படித் தெரியும்? அது வழுக்கித் தரையில் இடித்தது.

"கீழ பாரும்மா. கால் க்ளட்ச்சு மேல இருக்கா?"

மேசைக்கடியில் தவழ்ந்து போனேன். பாதத்தைப் பிடித்துப் பெடல் மேல் வைத்தேன். இருக்குப்பா என்றேன். கையை எடு என்றார். எடுத்தேன். எஞ்சின் நின்றது. மறுபடி வழுக்கியது, மறுபடி வைத்தேன். இருக்கா? இருக்குப்பா. அம்மாவும் வந்து குனிந்து பார்த்துவிட்டு, இருக்குங்க என்றார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. லோரி கிளம்பியதை நான் பார்க்கவில்லை. மேலே எஞ்சின் சத்தம் மாறுவதைக் கேட்டுக்கொண்டு, அப்பாவின் இடது கால் க்ளட்சிலிருந்து மெதுவாக மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.