காலிக் கூட்டுக்குள் கேட்ட தட்டல்

இது நடந்தது. கேட்பவர்கள் சிரித்தால் அசரியா கோபப்பட மாட்டார். எழுந்து உள்ளே போய்விடுவார். எதற்கும் சத்தியம் செய்யாத மனிதர், இதை மட்டும் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னார்.

திருத்தணிப் பக்கம் மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம் அது. சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பழைய கடிகாரங்களை வாங்கி, கெட்ட பாகங்களை மாற்றி, மறுபடி விற்பதுதான் சித்தூரில் அசரியாவுக்குப் பிழைப்பு. உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கிருபானந்தம் கடைக்கு வந்தான். கார்வேட்டிநகரம் போகிற சாலையில் இருக்கும் ஒரு கிறிஸ்தவ மிஷன் ஊர்க்காரன். கண்கள் சிவந்திருந்தன. வேட்டியில் செம்மண்.

அவனுடைய அப்பா அன்று விடியற்காலை கிணற்றடியில் சுருண்டு விழுந்துவிட்டாராம். மூச்சு இல்லை. திருத்தணியில் அவனுக்குப் புதிதாகக் கிடைத்த வேலையில் மறுநாளே சேர வேண்டும். வெயில் வேறு. அதனால் காலையிலேயே அடக்கம் முடித்துவிட்டார்கள். வழிச்செலவுக்காக அப்பாவின் கைக்கடிகாரத்தை விற்க வந்திருந்தான். அது ஓடவில்லை. ஆனால் நல்ல பழைய ஸ்விஸ் கடிகாரம், வெள்ளிக் கூடு. அசரியா பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

திருப்பதி வியாபாரி உமாபதி அன்று ரயிலில் வருவதாக இருந்தது. அதற்குள் தயார் செய்ய வேண்டுமென்று அசரியா உட்கார்ந்தார். ஸ்பிரிங் அறுந்திருந்தது, வேறொரு கடிகாரத்து ஸ்பிரிங்கைப் போட்டார். பெரிய முள் துருப்பிடித்திருந்தது, அதையும் மாற்றினார். சாவி கொடுத்ததும் ஓடியது.

காதில் வைத்துப் பார்த்தார்.

டிக்... டிக்... டிக்... அதற்குக் கீழே, வேறொரு சத்தம்.

டொக்.

எங்கோ ஆழத்திலிருந்து வருவது போல இருந்தது. பல்சக்கரத்தில் தூசி இருக்கும் என்று துடைத்தார். மறுபடியும்... டொக். டொக்.

உமாபதி வந்துவிட்டார். டயலைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. எல்லாம் கம்பெனி சாமானா என்று கேட்டார். அசரியா மறைக்கவில்லை. கூடும் டயலும் சக்கரங்களும் பழையவை, ஸ்பிரிங்கும் பெரிய முள்ளும் மாற்றியவை என்றார். அப்படியானால் பாதி விலைதான் என்றார் உமாபதி. முள் வெளியே தெரிகிறது, திருப்பதியில் விஷயம் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான் என்றார். முக்கால் விலைக்குக் குறையாது என்று அசரியா பிடிவாதமாக நின்றார். கடைசியில் உமாபதி கடிகாரத்தைக் காதில் வைத்தார்.

அவர் முகம் மாறியது.

"இன்னா அசரியா... உள்ள ஏதோ தட்டுது?"

திறந்து காட்டினால்தான் விலை நிற்கும். அசரியா மூடியைக் கழற்றினார். இயந்திரத்தை முழுசாக வெளியே எடுத்து ஒரு தட்டில் வைத்தார். ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். டிக்டிக் நின்றது. மேசைத் துணியின் மேல் வெறும் வெள்ளிக் கூடு கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

இருவரும் குனிந்தார்கள்.

டொக். டொக். டொக்.

பிறகு ஒரு கீறல் சத்தம். பலகையில் நகம் இழுபடுவது போல... சர்ர்ர்...

உமாபதி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். விலையும் பேசவில்லை, விடையும் பெறவில்லை.

கடைக்குப் பின்னால்தான் வீடு. உமாபதி எழுந்து போன சத்தம் கேட்டு அசரியாவின் மனைவி ஜெபமணி வந்தாள். கூட்டை ஒரு தரம் காதில் வைத்தாள். உடனே மேசைமேல் வைத்துவிட்டாள்.

"செத்தவங்க பொருளு. அந்த வூட்லயே குடுத்துட்டு வந்துடுங்க. இப்பவே போங்க."

அசரியா எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வெயில் இன்னும் இறங்கவில்லை. பஸ் நிறைய ஜனங்கள். யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. நெஞ்சிலேயே தட்டியது.

ஊர் நெருங்க நெருங்கச் சத்தம் பெருத்தது.

டொக் டொக். டொக் டொக் டொக்.

சாலையோரம் அந்த ஊர்க் கல்லறைத் தோட்டம். வேலிக்கு உள்ளே ஒரு புது மண்மேடு. மேலே வாடிய சாமந்தி மாலை. பஸ் அங்கே நின்றது.

பையில் இருந்த முடிச்சு துள்ளியது.

டொக்டொக்டொக்டொக்...

அசரியா பையை அழுத்திப் பிடித்தார். செத்தவன் தன் பொருளைக் கேட்கிறான். இறங்கினால் விடமாட்டான். அதுதான் அவர் மனதில் ஓடியது.

"எறங்கறீங்களா?" என்றார் கண்டக்டர்.

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

பஸ் நகர்ந்தது. சத்தம் பின்னால் தேய்ந்தது.

டொக்...

டொக்...

அப்புறம் இல்லை.

கார்வேட்டிநகரத்தில் இறங்கி, கூட்டைக் காதில் வைத்துப் பார்த்தார். அமைதி. திரும்பும் பஸ்ஸில் அதே இடத்தைக் கடந்தபோதும் அமைதி. கர்த்தர் காப்பாற்றினார் என்று வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினார். அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

அந்த வாரக் கடைசியில் கோலார் தங்கவயலிலிருந்து இறந்தவரின் தம்பி வந்தார். அண்ணன் முகத்தை ஒரு தரம் பார்க்காமல் போக மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஊர்ப் பெரியவர்கள் கடைசியில் சம்மதித்தார்கள். தோண்டினார்கள்.

பெட்டிக்குள் அவர் குப்புறக் கிடந்தார். விரல் நுனிகளில் நகம் இல்லை. மூடியின் உட்புறமெல்லாம் கீறல்.

அசரியாவிடம் இதைச் சொன்னவன் கிருபானந்தம்தான். திருத்தணியிலிருந்து அவனை வரவழைத்திருந்தார்கள். கடை வாசலில் வந்து நின்றான். கடிகாரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெட்டிய மூடறதுக்கு முன்னாடி நான்தாண்ணா அவரு கைலேருந்து அத்தக் கழட்டினேன்" என்றான். "நைனா கை சூடாத்தான் இருந்துச்சு. வெயிலுன்னு நெனச்சிக்கினேன்."