மருதமரத்தின் பட்டை

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு மருதமரம் இருந்தது. துணி துவைக்கிற தண்ணீர் வீணாகப் போகிறதே என்று என் வீட்டுக்காரர் நட்டது. பஸ் ஓட்டிக் களைத்து வந்தாலும் அதன் அடியில் நின்று மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி மாத்திரையோடு, யாரோ சொன்னார்கள் என்று மருதம்பட்டைக் கஷாயமும் குடிக்க ஆரம்பித்தார்.

அரசுப் பள்ளியில் தாவரவியல் எடுப்பவள் நான். சும்மா இருப்பேனா?

"ஏங்க, ஒரு பக்கமா மட்டும் எடுங்க. சுத்தி உரிச்சா மரம் செத்துடும்."

"பட்டைதானே போவுது? உள்ள கட்டை கல்லு மாதிரி கீதே."

"கட்டை தண்ணிய மேல ஏத்தும், அவ்ளோதான். இலை ஆக்குற சாப்பாடு பட்டை வழியாத்தான் வேருக்கு எறங்கும். வளையமா உரிச்சிட்டா வேர் பட்டினி கெடக்கும்."

"வூட்லயும் பாடமா?" என்று சிரித்தார். ஆனால் கடைசிவரை மலையைப் பார்த்த பக்கம் தவிர வேறெங்கும் அவர் கை வைக்கவில்லை.

ஐப்பசி மழையில் போய்விட்டார். டீ கேட்டார், கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கருமாதிக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து சொந்தமெல்லாம் வந்தது. சாவு வீட்டில் "போய்ட்டு வரேன்" என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. சாப்பிட்டு, கை கழுவி, அப்படியே கிளம்பிவிட வேண்டும். கை கழுவும் இடம் மருதமரத்தடி. நெஞ்சுக்கு நல்ல மரம் என்று அங்கே பேச்சு எழுந்திருக்கிறது. எந்த வீட்டில்தான் நெஞ்சுவலிக்காரர் இல்லை? வாழையிலை நறுக்கிய கத்தி பக்கத்திலேயே கிடந்தது. போகிறேன் என்றே சொல்லக் கூடாத வீட்டில், பட்டை எடுக்கட்டுமா என்று யார் கேட்பார்கள்? ஆளுக்கொரு கீற்று.

சாயங்காலம் பாத்திரம் எடுக்கப் போனபோது பார்த்தேன். அவர் விட்டுவைத்த பக்கமெல்லாம் கட்டை தெரிய உரிந்திருந்தது. இடுப்புயரத்தில் ஒரு முழு வளையம். அதுவரை வராத கோபம் அன்றைக்கு வந்தது. வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டினேன். அப்புறம் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவர்தான் இல்லை, அவர் வைத்த மரமாவது எனக்கு வேண்டும்.

மரத்துக்கு ஒட்டுப் போட முயன்றேன். அதன் குச்சிகளையே சீவி, ஒரு முனையை மேல் பட்டைக்குள்ளும் மறு முனையைக் கீழ்ப் பட்டைக்குள்ளும் செருகி, பழைய புடவையைக் கிழித்துக் கட்டினேன். சாப்பாடு இறங்க ஒரு பாலம். கட்டும்போது குச்சிகள் நழுவாமல் எதிர் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள்.

"நானும் ஒரு கீத்து எடுத்தேன் டீச்சர். எங்க வூட்டுக்காரருக்கு" என்றாள் தலையைக் குனிந்து. அவரும் நெஞ்சுவலிக்காரர்தான். புடவைத் துண்டை இழுத்து முடிச்சுப் போட்டேன்.

பங்குனியில் மரம் துளிர்த்தது.

"பாருங்க டீச்சர், பச்சையாத்தான் கீது. நீங்க வேற பயந்துகினு." அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். சேர்த்து வைத்ததைத் தின்று வேர் நாளைக் கடத்துகிறது. செருகிய குச்சிகள் சுள்ளியாகக் காய்ந்துவிட்டன. வளையத்துக்கு மேலே மரம் வீங்கியிருந்தது. கீழே இறங்க வழியில்லாமல் சாப்பாடு அங்கேயே தேங்கிக் கிடந்தது. நானும் அப்போது இரண்டு பேருக்குத்தான் உலை வைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் எல்லோரும் நான் தேறிவிட்டதாகச் சொன்னார்கள்.

ஆடிக் காற்றில் இலையெல்லாம் கொட்டியது. திரும்பத் துளிர்க்கும் என்று, பாடம் படித்த நானே தினமும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தேன்.

எதிர் வீட்டுக்காரி எப்போது வந்தாலும், படி இறங்கும்போது "வரேன் டீச்சர்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போவாள். அன்று உறைமோர் வாங்க வந்தவள் பின்பக்கம் போனாள். ஒரு கிளையை வளைத்தாள். சடக்கென்று முறிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமல், ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.